அனோடைஸ் செய்த அலுமினியத்தின் நிறத்தை மாற்றலாமா?





கல்வி உதவி, விதவையர் உதவித்தொகை, மருத்துவ உதவி விவரங்களையே இந்தப் பக்கத்தில் வழக்கமாக எழுதுவேன். இந்த முறை ஒரு தொழில் விஷயத்தை எழுத வேண்டியதாகிவிட்டது. நம் அறக்கட்டளையின் கணக்குப் புத்தகத்தில் சென்ற ஓராண்டில் ஏறிய இரண்டு செலவுகள்தான் காரணம். ஒன்று, மதரஸா ஜன்னல்களுக்கு அடித்த பெயிண்ட். மற்றது, நம் மஹல்லா இளைஞர் ஒருவரின் கண் சிகிச்சைக்குக் கொடுத்த உதவி. இரண்டும் வேறு வேறு தலைப்பில் எழுதப்பட்ட செலவுகள். ஆனால் இரண்டும் ஒரே அறியாமையால் வந்தவை. அனோடைஸ் செய்த அலுமினியத்தில் நிறம் எங்கே இருக்கிறது என்பது நமக்குத் தெரியவில்லை.

நடந்தது என்ன?

மதரஸாவின் மாடி வகுப்புகளில் 12 அலுமினிய ஜன்னல்கள் இருக்கின்றன. எல்லாம் தங்க நிறம். 1980-களின் கடைசியில், சிங்கப்பூரில் உழைத்து ஊர் திரும்பிய ஒரு மர்ஹூம் தம் சொந்தச் செலவில் போட்டுக் கொடுத்தவை. கீழ்த்தளத்தைப் புதுப்பித்தபோது அங்கே காப்பி நிற ஜன்னல்கள் வந்தன. மேலேயும் அதே நிறம் இருந்தால் பார்வையாக இருக்குமே என்று நிர்வாகக் குழுவில் பேச்சு எழுந்தது. புதிதாகப் போட்டால் செலவு தாங்காது. "பெயிண்ட் அடிச்சாப் போச்சு பாய்" என்றார் ஒருவர். சரியென்று கையெழுத்துப் போட்டவன் நான்.

பெயிண்டர் தூசியைத் துடைத்துவிட்டு இரண்டு கோட்டு எனாமல் அடித்தார். நோன்புப் பெருநாளன்று பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஐப்பசி மழை முடிவதற்குள் செதில் செதிலாக உரிந்தது. பிள்ளைகள் ஓதிக்கொண்டே நகத்தால் உரித்து விளையாடினார்கள். பொதுக்குழுவில் ஒரு பெரியவர் எழுந்து, "செயலாளர் பாய், நம்ம சந்தாக் காசை மதரஸாவுல கூட்டிப் பெருக்கி அள்ளுறாங்க" என்றார். எனக்குப் பதில் இல்லை.

இரண்டாவது சம்பவம் இதைவிடக் கவலைக்குரியது. ஒரு தம்பி, தன் பைக்கில் இருந்த சிவப்பு நிற அலுமினிய பாகங்களைக் கறுப்பாக மாற்ற நினைத்தார். பழைய நிறத்தை எடுக்க வீட்டுச் சமையலறையில் ஒரு வாளியில் காஸ்டிக் சோடாவைக் கரைத்து அவற்றை உள்ளே போட்டிருக்கிறார். கரைசல் சூடேறி, பொங்கி, தெறித்தது. வலது கண்ணில் பட்டது. அல்ஹம்துலில்லாஹ், பார்வை மிஞ்சியது. ஆனால் முன்போல் தெளிவு இல்லை. இதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "பேர் போடாம எழுதுங்க மாமா. வேற பசங்க யாரும் பண்ணிடக்கூடாது" என்றார்.

அதற்குப் பிறகுதான் விசாரிக்கத் தொடங்கினோம். வளைகுடாவில் அலுமினியத் தொழிற்சாலையில் பல வருடம் வேலை பார்த்துத் திரும்பிய நம் ஊர்ச் சகோதரர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். கோவையில் ஒரு பட்டறைக்கும் கூட்டிச் சென்று காட்டினார். அங்கே தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மருதாணியும் நெயில் பாலிஷும்

நம் வீட்டுப் பெண்களுக்கு இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். பெயிண்ட் என்பது நெயில் பாலிஷ். அனோடைசிங் நிறம் என்பது மருதாணி.

நெயில் பாலிஷ் நகத்தின் மேல் ஒரு படலமாக நிற்கிறது. தண்ணீர் நகத்தைத் தொடாது. அதனால்தான் ஒளுச் செய்வதற்கு முன் அதை நீக்கச் சொல்கிறோம். மருதாணி அப்படியில்லை. அது தோலுக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. மேலே படலம் எதுவும் இல்லை. ஒளுவுக்குத் தடையும் இல்லை. சுரண்டினாலும் உரிந்து வராது. தோல் தேய்ந்து புதுத் தோல் வரும்போதுதான் நிறம் போகும்.

அனோடைஸ் செய்த அலுமினியத்திலும் இதே கதைதான். அதன் நிறம் உலோகத்தின் தோலுக்குள் இருக்கிறது. அந்தத் தோல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் மற்றவை எளிதில் புரியும்.

தோல் வளரும் விதம்

அலுமினியம் காற்றுப் பட்டதுமே தன் மேல் ஒரு மெல்லிய ஆக்சைடுப் படலத்தைத் தானே போர்த்திக்கொள்ளும். அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெலிது. இரும்பில் துரு உதிர்ந்துகொண்டே போகும். அலுமினியத்தில் இந்தப் படலம் கெட்டியாக ஒட்டிக்கொண்டு உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கும். அலுமினியப் பாத்திரம் துருப்பிடிக்காத ரகசியம் இதுதான்.

இந்தப் படலத்தை மின்சாரத்தின் உதவியால் பல மடங்கு தடிமனாக வளர்ப்பதே அனோடைசிங். 1923-ல் இங்கிலாந்தில், கடல் விமானங்களின் பாகங்களை உப்புக் காற்றிலிருந்து காப்பாற்றக் குரோமிக் அமிலத்தைக் கொண்டு இதைச் செய்தார்கள். 1927-ல் கந்தக அமில முறை வந்தது. இன்றும் பெரும்பாலான பட்டறைகளில் நடப்பது அந்த முறைதான்.

பொருளை நன்றாகக் கழுவி, எண்ணெய்ப் பசை நீக்கி, சுமார் 15 முதல் 20 சதவீதம் கந்தக அமிலம் கலந்த தொட்டியில் தொங்கவிடுகிறார்கள். தொட்டியின் சூடு 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்க வேண்டும். அதற்காகக் குளிரூட்டும் கருவி ஓடிக்கொண்டே இருக்கும். பொருளை நேர்மின்வாயாக இணைத்து, 12 முதல் 20 வோல்ட் வரை நேர்மின்சாரம் செலுத்துகிறார்கள். நேர்மின்வாய்க்கு ஆங்கிலத்தில் அனோடு என்று பெயர். அனோடைசிங் என்ற சொல் அதிலிருந்து வந்தது. 20 மைக்ரான் தடிமன் வளர ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஆகும். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் அளவு புரியும்.

இப்படி வளரும் அலுமினியம் ஆக்சைடு மிகக் கடினமான பொருள். மாணிக்கத்துக்கும் நீலக்கல்லுக்கும் அடிப்படையே இந்த அலுமினியம் ஆக்சைடுதான். இலங்கையோடு கல் வியாபாரம் செய்த காயல்பட்டினத்துக் குடும்பங்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது.

இந்தத் தோலில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் கோடிக்கணக்கில் இருக்கும், தேன்கூட்டைப் போல. சாயம் இறங்குவது அந்தத் துளைகளுக்குள்தான். 50 அல்லது 60 டிகிரி சூட்டில் உள்ள சாயத் தொட்டியில் சில நிமிடம் மூழ்க வைத்தால் நிறம் ஏறிவிடும்.

கடைசி வேலை சீலிங். கொதிநிலையை ஒட்டிய சுத்தமான தண்ணீரில் பொருளை வைக்கிறார்கள். ஒவ்வொரு மைக்ரான் தடிமனுக்கும் இரண்டு மூன்று நிமிடம் என்று கணக்கு. ஆக்சைடு தண்ணீரோடு சேர்ந்து வீங்கி, துளைகளின் வாயை மூடிக்கொள்கிறது. சாயம் உள்ளே சிறைப்பட்டுவிடுகிறது. நிக்கல் உப்புகளைக் கொண்டு குறைந்த சூட்டில் செய்யும் முறைகளும் உண்டு.

இந்தக் கடைசி வேலைதான் நம் விஷயத்துக்கு முக்கியம். வாய் மூடிய துளைக்குள் இன்னொரு சாயம் இறங்காது. எண்ணெய் தேய்த்த கையில் மருதாணி பிடிக்காதது போலத்தான். ஆகவே, "இருக்கும் நிறத்தின் மேலேயே வேறு சாயம் ஏற்றித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அவர் அடிக்கப்போவது பெயிண்டாகத்தான் இருக்கும்.

நிறத்தை மாற்ற, தோலை உரிக்க வேண்டும்

அனோடைஸ் செய்த பொருளுக்கு முறையாக வேறு நிறம் ஏற்ற ஒரே வழி, பழைய தோலை முழுவதும் கரைத்து எடுத்துவிட்டு, புதுத் தோலை வளர்த்து, அதில் புதுச் சாயம் ஏற்றி, மீண்டும் சீல் செய்வது. பட்டறையில் இதற்குச் சூடான காஸ்டிக் சோடாக் கரைசலைப் பயன்படுத்துகிறார்கள். ஆக்சைடு கரைந்த மறுகணமே சோடா உள்ளிருக்கும் அலுமினியத்தையும் தின்னத் தொடங்கும். அதனால் வேலையாள் நேரத்தைக் கவனித்துக்கொண்டே நிற்பார். எடுத்தபின் பொருளின் மேல் கரி போன்ற அழுக்குப் படிந்திருக்கும். அதை நைட்ரிக் அமிலத்தில் நனைத்து நீக்குகிறார்கள். உலோகத்தைத் தின்னாமல் ஆக்சைடை மட்டும் கரைக்க, பாஸ்பாரிக் அமிலமும் குரோமிக் அமிலமும் கலந்த சூடான கரைசல் ஒன்று உண்டு. ஆனால் அதிலுள்ள குரோமியம் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. தகுந்த பாதுகாப்பும் கழிவு நீர்ச் சுத்திகரிப்பும் உள்ள இடங்களில் மட்டுமே அதைக் கையாள முடியும்.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். அனோடைஸ் தோல் உலோகத்தின் மேல் வந்து ஒட்டியது அல்ல. உலோகமே தோலாக மாறியது. 20 மைக்ரான் தோல் வளர்ந்தால் அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உள்நோக்கி இறங்கியிருக்கும். ஒரு பங்குதான் வெளியே உயர்ந்திருக்கும். அந்தத் தோலைக் கரைத்தால், பொருள் தன் முதல் அளவைவிட ஒவ்வொரு பக்கத்திலும் சுமார் 13 மைக்ரான் மெலிந்துவிடும். சோடா தின்ற உலோகம் இதற்கு மேல். ஜன்னல் சட்டத்துக்கு இது பொருட்டல்ல. ஆனால் மறை உள்ள பாகம், பேரிங் உட்காரும் குழி, இறுக்கமாகப் பொருந்த வேண்டிய மெஷின் பாகம் என்றால் பொருத்தம் தளர்ந்துபோகும். பைக்கின் பிரேக், ஹேண்டில் சம்பந்தப்பட்ட பாகங்களில் நிறத்துக்காக இந்தச் சோதனை வேண்டாம். அழகுக்காக உயிரைப் பணயம் வைப்பது நமக்குத் தகாது.

எதை மாற்றலாம், எதை மாற்ற முடியாது?

ஜன்னல், கதவுகளுக்கான அலுமினியச் சட்டங்கள் இந்த வேலைக்கு ஏற்றவை. அச்சில் வார்த்த அலுமினியத்தில் சிலிக்கான் அதிகம். அது சாம்பலும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாக வரும். பிரகாசமான நிறம் பிடிக்காது. வெல்டிங் செய்த இடம் வேறு நிறத்தில் தெரியும்.

அமிலத் தொட்டிக்குள் இரும்பு ஆணி, பித்தளைக் குமிழ், ரிவெட், உருளை, ரப்பர், கண்ணாடி எதுவும் போகக் கூடாது. ஓர் இரும்புத் திருகு உள்ளே போனால் மின்சாரம் அதன் வழியாக ஓடி, திருகு கரைந்து, வேலையும் கெடும். ஆகவே ஜன்னல் என்றால் முழுவதும் பிரித்துக் கழற்ற வேண்டும். பிரிப்பது, ஏற்றி இறக்குவது, திரும்பக் கோர்ப்பது ஆகிய கூலிகளையும் சேர்த்துப் பார்த்தால், பல நேரங்களில் புதுச் சட்டமே மலிவாக வந்துவிடும். பழைய அலுமினியத்துக்கு எடைக்கு விலை உண்டு என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இரண்டு மதிப்பீடுகளையும் எழுத்தில் வாங்கிப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

ஆழமான கீறல், உப்பு அரித்த குழி ஆகியவற்றை அனோடைசிங் மறைக்காது. பெயிண்ட் மறைக்கும், இது கண்ணாடி போல உள்ளதைக் காட்டும்.

சமையல் பாத்திரங்களைப் பற்றித் தாய்மார்கள் கேட்டார்கள். ஹார்ட் அனோடைஸ்டு கடாயின் கருஞ்சாம்பல் நிறம் பெரும்பாலும் சாயம் இல்லாமலே அந்தத் தடித்த தோலுக்கு இயல்பாக வரும் நிறம். அது வெளுத்துவிட்டால் வீட்டில் எதையும் பூசி நிறம் ஏற்ற முயல வேண்டாம். சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு நிறம் மாற்றும் வேலையே வேண்டாம்.

பெயிண்ட்தான் வழி என்றால்

கழற்ற முடியாத இடங்களில் பெயிண்ட் அடிப்பது தவறில்லை. நாங்கள் தவறியது, அதை அடித்த முறையில். சீல் செய்த அனோடைஸ் தோல் வழுவழுப்பானது. எனாமல் பிடித்துக்கொள்ள அதில் இடமே இல்லை. முறை இதுதான்: முதலில் மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி உலர விட வேண்டும். 320 அல்லது 400 நம்பர் உப்புத்தாளால் பளபளப்புப் போகும்வரை ஒரே சீராகத் தேய்க்க வேண்டும். தின்னர் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். அதன்பின் அலுமினியத்துக்கு என்றே உள்ள எட்ச் பிரைமர் அல்லது இரண்டு பாகம் கலக்கும் எபாக்சி பிரைமர். அதற்கு மேல் பாலியூரித்தேன் பெயிண்ட். பிரைமர் டப்பாவில் எழுதியிருக்கும் இடைவெளி நேரத்தைக் குறைக்கக் கூடாது. கூலியில் பெரும் பகுதி தேய்ப்பதற்கே போகும். அந்த வேலையைக் குறைத்துப் பேசினால், மழைக்காலத்தில் நாங்கள் பார்த்ததை நீங்களும் பார்ப்பீர்கள்.

பவுடர் கோட்டிங் இன்னொரு வழி. அதைச் சுமார் 180 முதல் 200 டிகிரி சூட்டில் சுட வேண்டும். சூட்டில் அலுமினியம் அதன் ஆக்சைடுத் தோலைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு அதிகம் விரிவதால், பழைய தோலில் மயிரிழை வெடிப்புகள் விழும். ஆகவே தடித்த அனோடைஸ் தோலை உரித்துவிட்டு பவுடர் அடிப்பதே நல்லது.

உங்கள் ஜன்னலில் இருப்பது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? உற்றுப் பார்த்தால் அனோடைஸ் நிறத்துக்கு அடியில் உலோகத்தின் மினுக்கமும் கோடுகளும் தெரியும். பெயிண்டும் பவுடரும் அதை மூடிவிடும். மறைவான ஓர் இடத்தில் தின்னர் தொட்ட பஞ்சால் தேய்த்தால் எனாமல் இளகிப் பஞ்சில் ஒட்டும். சரியாகச் சீல் செய்த அனோடைஸ் நிறம் ஒட்டாது.

வீட்டில் செய்யாதீர்கள்

இளைஞர்களுக்கு அழுத்தமாகச் சொல்கிறேன். காஸ்டிக் சோடா தண்ணீரில் கரையும்போதே கொதிக்கும் அளவுக்குச் சூடேறும். அதில் அலுமினியத்தைப் போட்டால் மேலும் சூடேறி, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு பொங்கி வரும். அடுப்பு எரியும் சமையலறையில் இதைச் செய்வது எத்தகைய ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். சாக்கடை அடைப்பு நீக்கும் பொடிகள் பலவற்றில் இருப்பதும் இதே சோடாதான். அவற்றை அலுமினியப் பாத்திரத்தில் கரைக்கவே கூடாது.

கண்ணில் பட்டால் காரம் அமிலத்தைவிட ஆழமாக உள்ளே இறங்கும். அந்த நொடியே ஓடும் தண்ணீரில், இமையை விரல்களால் விரித்துப் பிடித்து, குறைந்தது 20 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். எலுமிச்சை, வினிகர், தாய்ப்பால், கண் மை எதுவும் வேண்டாம். கழுவிய கையோடு கண் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். என்ன மருந்து பட்டது என்று சொல்ல, அந்த டப்பாவையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். நம் தம்பி பயத்தில் துணியால் துடைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். அந்த அரை மணி நேரம்தான் அவருக்கு அதிகம் கேடு செய்தது என்று மருத்துவர் சொன்னார்.

இன்னொன்று. அமிலத்தையோ சோடாக் கரைசலையோ குடிதண்ணீர் பாட்டிலில், குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பயன்படுத்திய கரைசலைச் சாக்கடையில் ஊற்றுவதும் அண்டை வீட்டாரின் உரிமையைப் பறிப்பதுதான். பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் கழிவால் நிலமும் கிணறும் கெட்டு, 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் நிலை வந்ததை நம் சமூகம் அருகிலிருந்து பார்த்திருக்கிறது. ஒரு பட்டறையிடம் வேலை கொடுக்கும்போது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி இருக்கிறதா என்று கேட்பது நம் கடமை. மலிவாகச் செய்து தருவதாகச் சொல்பவரின் கழிவு எந்த ஊர்க் கிணற்றில் இறங்குகிறது என்பதும் நம் கணக்கில் வரும்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

முறையாக நிறம் மாற்றுவதென்றே முடிவு செய்தால், இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

பழைய தோலை முழுவதும் உரித்துத்தான் செய்வீர்களா?

எத்தனை மைக்ரான் வளர்ப்பீர்கள்? வெளிப்புற ஜன்னலுக்கு 15-க்குக் குறையாமல், கடற்கரை ஊர் என்றால் 20, 25 வரை கேளுங்கள். அளக்கும் கருவி பட்டறையில் இருக்கும். உங்கள் முன்னால் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

நிறம் எதனால் வருகிறது? சாதாரணச் சாயங்கள் பல, வெயிலில் வெளுக்கும். காப்பி நிறமும் கறுப்பும் வெளிப்புறத்துக்கு வேண்டுமென்றால், வெள்ளீய உப்புத் தொட்டியில் மின்சாரத்தால் ஏற்றும் முறையைக் கேளுங்கள். அங்கே துளையின் அடியில் உலோகத் துகளே படிவதால் நிறம் நெடுங்காலம் நிற்கும்.

சீலிங் சரியாக நடந்ததா? உலர்ந்த பொருளில் ஒரு சொட்டுச் சாயத்தை விட்டுச் சில நிமிடம் கழித்துத் துடைத்தால் கறை தங்கக் கூடாது. தங்கினால் துளைகள் மூடவில்லை என்று பொருள்.

நிறத்தில் எவ்வளவு வித்தியாசம் வரலாம்? ஒவ்வொரு தொட்டி வேலையிலும் நிறம் கொஞ்சம் முன்பின் ஆகும். வெளிர் எல்லைக்கு ஒன்று, அடர்த்தி எல்லைக்கு ஒன்று என இரண்டு மாதிரித் துண்டுகளைக் கையெழுத்திட்டு வாங்கி வைத்துக்கொண்டால் பிற்பாடு வாக்குவாதம் வராது. பொருளைத் தொங்கவிட்ட இடத்தில் சிறிய தழும்பு ஒன்று இருந்தே தீரும். அது எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

இந்தத் தொழிலில் உள்ள நம் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. பெயிண்ட் அடித்ததை அனோடைஸ் என்று சொல்லி விற்க வேண்டாம். பொருளின் குறையைச் சொல்லி விற்பதில்தான் பரக்கத் இருக்கிறது.

மதரஸா ஜன்னல்கள் என்னவாயின?

வளைகுடாச் சகோதரர் மாடிக்கு வந்து பார்த்தார். உரிந்து தொங்கிய எனாமலை ஒரு மூலையில் தின்னரால் துடைத்தார். கீழே பழைய தங்க நிறம் அப்படியே இருந்தது. சுமார் 35 வருட வெயிலும் மழையும் அதை ஒன்றும் செய்யவில்லை. "நல்லாத்தானே இருக்கு பாய், இதை எதுக்கு மாத்துனீங்க?" என்றார். தங்க நிறத்துக்குப் பல பட்டறைகளில் ஒரு வகை இரும்பு உப்பைப் பயன்படுத்துவார்கள் என்றும், அது வெயிலுக்கு நன்றாகத் தாங்கும் என்றும் விளக்கினார்.

அடுத்த இரண்டு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு இளைஞர்கள் எட்டுப் பேர் வந்து எனாமலைத் துடைத்து எடுத்தார்கள். 12-ல் 10 ஜன்னல்கள் பழைய நிறத்தில் திரும்பிவிட்டன. ஒளுச் செய்யும் இடத்துக்கு மேலே உள்ள இரண்டில் மட்டும் தோல் அரித்திருந்தது. காரணம் நாமேதான். ஒவ்வொரு ரமலானுக்கு முன்பும் வெள்ளையடிக்கும்போது ஜன்னலை மூடாமல் விட்டதால் சுண்ணாம்பு தெறித்து அங்கேயே காய்ந்திருக்கிறது. சுண்ணாம்பு, சிமெண்ட், சலவை சோடா, பாத்ரூம் கழுவும் ஆசிட் நான்கும் அனோடைஸ் தோலுக்குப் பகை. கடும் காரமும் கடும் அமிலமும் அதைக் கரைக்கும். இனிமேல் வெள்ளையடிக்கும் முன் ஜன்னல்களைப் பழைய செய்தித்தாளால் மூடுவது என்று தீர்மானம் போட்டிருக்கிறோம். உங்கள் வீடுகளிலும் செய்யுங்கள். தெறித்துவிட்டால் காய்வதற்குள் தண்ணீரில் கழுவிவிடுங்கள். மற்றபடி மிதமான சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.

அந்த இரண்டு ஜன்னல்களுக்கும் மேலே சொன்ன முறைப்படி, தேய்த்து, பிரைமர் வைத்து, தங்க நிறத்துக்கு நெருக்கமான பெயிண்ட் அடித்திருக்கிறோம். கீழே காப்பி நிறம், மேலே தங்க நிறம் என்றே இருக்கும். அதனால் ஓதும் பிள்ளைகளுக்கு ஒரு குறையும் இல்லை.

முதலில் அடித்த எனாமலின் செலவு பொதுப்பணத்தில் ஏற்பட்ட நஷ்டம். விசாரிக்காமல் கையெழுத்திட்டது என் தவறு என்று பொதுக்குழுவில் சொன்னேன். அந்தத் தொகையைத் தவணையாகக் கட்டி வருகிறேன். வரவுப் பதிவேட்டில் பார்க்கலாம். இதைப் பெருமைக்காக எழுதவில்லை. சந்தா கொடுத்தவர்களுக்குக் கணக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். இனி ஒரு தொகைக்கு மேல் உள்ள பராமரிப்பு வேலை எதுவானாலும், அந்தத் தொழில் தெரிந்த ஒருவரின் கருத்தை எழுத்தில் வாங்கிய பிறகே தொடங்குவது என்றும் குழு முடிவெடுத்திருக்கிறது.

ஜன்னல்களைக் கொடுத்த மர்ஹூமின் மகள் சென்ற மாதம் பேரனை மதரஸாவில் சேர்க்க வந்திருந்தார். மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, "அத்தா போட்ட ஜன்னல் அப்படியே இருக்கு" என்றார். இடையில் நடந்ததை அவரிடம் நானே சொன்னேன்.

அல்லாஹ் அந்த மர்ஹூமின் ஸதகத்துல் ஜாரியாவை ஏற்றுக்கொள்வானாக. நம் தம்பியின் கண்ணுக்கு முழு ஷிஃபாவைத் தருவானாக. பொதுப்பணத்தைப் பேணிக் காக்கும் அறிவை நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்,
செயலாளர்